அலமாரிக்குப் போன கால்

கழகத் தலைவர் ஒரு நாள் குடியிருப்பைப் பார்வையிட வந்தபோது, இரண்டாம் மாடி நடையில் ஒரு குழந்தைச் செருப்பு அவர் காலில் தட்டிற்று. அவர் விழவில்லை. தடுமாறக்கூட இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். குனிந்து பார்த்தார், "ம்" என்றார், போய்விட்டார். அந்த "ம்"முக்குப் பொருள் கண்டுபிடிக்கக் குடியிருப்புக் கழகத்தின் ஒழுங்கு மேம்பாட்டுப் பிரிவு பதினொரு நாள் கூடிப் பேசியது. பன்னிரண்டாம் நாள் எல்லா வீட்டுக் கதவடியிலும் நான்கு பக்கச் சுற்றறிக்கை ஒன்று கிடந்தது.

காலணி என்பது காலில் அணிந்த, அணிகின்ற, இனிமேல் அணியக்கூடிய எந்தப் பொருளும் ஆகும் என்று அது தொடங்கியது. காலணி இனி வாசலிலோ நடையிலோ கட்டிலடியிலோ கண்ணில் படும் வேறெந்த இடத்திலுமோ இருக்கலாகாது. கழகம் கட்டிக் கொடுத்த சுவர் அலமாரிக்குள், ஜோடி பிரியாமல், மூக்கு வெளிப்பக்கம் பார்க்க, கதவு சாத்தியபடி இருக்க வேண்டும். மீறினால் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும்.

தரைத்தளத்து மூலை வீட்டில் அதைப் படித்தவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவள். கணவன் வீடு வீடாகப் போய் மின்மீட்டர் கணக்கெடுப்பவன். நடப்பதே அவன் பிழைப்பு. மகள் ஏழாம் வகுப்பு. பாடத்தில் எப்படியோ, பாத அளவில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்னேறிக்கொண்டிருந்தாள். மாமனாருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. பட்டறையில் இரும்புத் தகடு சரிந்து போன கால். பதினான்கு வருடமாகச் செயற்கைக் காலில் நடந்துகொண்டிருக்கிறார். அந்தக் காலை முன்னிட்டுத்தான் கழகம் அவர்களுக்குத் தரைத்தளத்து வீட்டை ஒதுக்கியது. அதற்காக அவர் கழகத்தைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டிருந்த காலமும் உண்டு.

வீட்டில் இருந்தது ஒரே அலமாரி. இரண்டடி அகலம், தோளளவு உயரம், ஆழம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. கணவனின் பூட்ஸை நேராக வைத்தால் மூக்கு இரண்டு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அலமாரியைத் திட்டமிட்டவர் வீட்டில் எல்லாருக்கும் பூனைக்கால் போலிருக்கிறது. அதற்குள் போர்வைகள், மகளின் பழைய புத்தகங்கள், இஸ்திரிப் பெட்டி, மாமனாரின் மாத்திரை டப்பா என்று ஒரு சின்ன சம்சாரமே அடைந்து கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அலமாரியைக் காலி செய்தாள். போர்வைகள் கட்டிலுக்கு அடியில் போயின. இஸ்திரிப் பெட்டி ஃப்ரிட்ஜின் தலையில் ஏறியது. பிறகு வீட்டிலிருந்த காலணிகளையெல்லாம் கூடத்தில் பரப்பினாள். பதினொரு ஜோடி. நாலு பேருக்கு இவ்வளவு செருப்பா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எதையும் எறிய முடியவில்லை. கணவனுக்கு இரண்டு பூட்ஸ் இருந்தே ஆகவேண்டும். ஒரு நாள் வியர்வை மறுநாளைக்குள் காயாது. மகளுக்குப் பள்ளி ஷூ ஒன்று, விளையாட்டு ஷூ ஒன்று, அடுத்த அளவில் யாரோ கொடுத்தது ஒன்று.

தட்டுகளின் பின்பக்கம் கட்டை கொடுத்துப் பலகையைச் சாய்வாக்கினாள். சாய்த்து வைத்தால் பூட்ஸ் அரைச் சாண் இடத்தை மிச்சப்படுத்தியது. பெரிய ஷூக்களை ஒன்றின் மூக்கும் மற்றதின் குதிகாலும் முன்னே பார்க்கும்படி மாற்றி மாற்றி வைத்தாள். நாலு ஜோடி இடத்தில் ஐந்து ஜோடி உட்கார்ந்தது. கிழிந்த ஜீன்ஸை வெட்டி ஆறு பை தைத்துக் கதவின் உட்புறம் ஆணியடித்து மாட்டி, செருப்புகளை அதில் செருகினாள். வாடைக்குச் சோடா உப்பைத் துணியில் முடிந்து மூலையில் வைத்தாள். கதவு சாத்திற்று. மறுபடி திறந்து மறுபடி சாத்திப் பார்த்தாள்.

"பஸ்ஸுல ஆளை ஏத்தற மாதிரி ஏத்திட்டியேம்மா," என்றார் மாமனார். அவர் யாரையும் எளிதில் பாராட்டுகிறவர் அல்ல.

புதன்கிழமை மதியம் ஆய்வு. அவள் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து காத்திருந்தாள். கணவன் வேலைக்குப் போயிருந்தான், மகள் பள்ளியில். மாமனார் காலைக் கழற்றிக் கட்டிலோரம் சாய்த்துவிட்டு முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். மதியத்தில் ஒரு மணி நேரம் கழற்றி வைக்காவிட்டால் தோல் புண்ணாகிவிடும்.

ஒழுங்குப் பிரிவின் மேற்பார்வையாளரும் எழுதுவதற்கென்று ஒரு குமாஸ்தாவும் வந்தார்கள். மேற்பார்வையாளர் ஷூவோடு உள்ளே வந்தார். வழியில் நாய் அசிங்கத்தை மிதித்திருந்தார். வாசலிலிருந்து கூடம் வரைக்கும், கூடத்திலிருந்து அடுப்படி வரைக்கும் அது ஒவ்வொரு எட்டுக்கும் கொஞ்சம் பதிந்துகொண்டே போனது.

"சார், ஷூவுல ஏதோ ஒட்டியிருக்கு," என்றாள் அவள்.

"எங்க ஷூவப் பத்தி சுற்றறிக்கையில ஒண்ணும் இல்லம்மா. நீங்க போட்டா காலணி. நாங்க ட்யூட்டில போட்டா சீருடை."

அவள் அடுப்படித் தரையை ஒருமுறை பார்த்தாள். ஆய்வு முடியட்டும், கழுவிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் அலமாரியைத் திறந்தார். வெகுநேரம் பார்த்தார். ஒவ்வொரு ஷூவாக எடுத்து, உள்ளே மூக்கை விட்டு முகர்ந்து, வாடைக்கு மதிப்பெண்ணாக ஒரு எண்ணைச் சொன்னார். குமாஸ்தா எழுதிக்கொண்டான். கணவனின் பூட்ஸை மட்டும் இரண்டு தடவை முகர்ந்தார்.

"ஏழு. இல்ல, எட்டு போட்டுக்க." பிறகு அவளிடம் திரும்பினார். "இது என்னம்மா? ஒரு ஷூ மூஞ்சியக் காட்டுது, ஒண்ணு பின்னாடியக் காட்டுது?"

"இடம் பத்தல சார். இப்பிடி வச்சாத்தான் கதவு சாத்துது."

"இடம் பத்தலைங்கறது உங்க கருத்து. கழகம் அளந்துதான் கட்டியிருக்கு. இருபது வருஷமா நான் இந்தத் துறையில இருக்கேன். ஒரு அதிகாரி அலமாரியத் திறந்தா அத்தனை ஷூவும் அவரைப் பாக்கணும். முதுகு திருப்பிக்கிட்டு நிக்கற ஷூவுக்குப் பின்னால முதுகு திருப்பற மனசு இருக்கு. எழுதிக்க, குற்றம் ஒண்ணு."

அடுத்து அவர் மாமனாரின் வலது கால் ஷூவை எடுத்தார். ஒற்றையாக இருந்தது. "இதோட ஜோடி எங்க?"

அவள் கட்டிலோரம் கை காட்டினாள். அங்கே செயற்கைக் கால் சுவரில் சாய்ந்து நின்றது, இடது ஷூவைப் போட்டுக்கொண்டு.

"ஆக, ஒண்ணு உள்ள, ஒண்ணு வெளிய. ஜோடியப் பிரிச்சு வச்சிருக்கீங்க. குற்றம் ரெண்டு. வெளிய கெடக்குது பாருங்க, அது குற்றம் மூணு."

"அது ஷூ இல்ல சார். மாமாவோட கால்."

"காலப் பத்தி நான் பேசலையே. கால்ல இருக்கற ஷூவப் பத்திப் பேசறேன். கழட்டி உள்ள வைங்க."

மாமனார் இப்போதுதான் வாயைத் திறந்தார். "கழட்ட வராதுங்க. கால் செஞ்ச எடத்துல ஷூவோட சேத்து ஒட்டிக் கொடுத்திருக்காங்க. குதிகால் உயரம் ஒரு நூல் மாறினாலும் நடை கோணிரும்."

மேற்பார்வையாளர் சுற்றறிக்கையைப் புரட்டினார். யாருக்கும் தீங்கு நினைக்காத முகம் அவருக்கு. விரலால் வரி வரியாகத் தடவிக்கொண்டு போய் ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"ஷூ அலமாரிக்குப் போகணும். ஷூ காலோட ஒட்டியிருக்கு. அப்ப கால் அலமாரிக்குப் போகணும். இதுல நான் என்ன பண்ண முடியும், பெரியவரே? நான் கல்நெஞ்சுக்காரன் இல்ல. எங்க அப்பாவுக்கும் வயசாச்சு. ஆனா அவரு ரெண்டு காலையும் ஒழுங்கா வச்சிருக்காரு."

குமாஸ்தா காலைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதற்கு இடம் பண்ணுவதற்காக அவள் கட்டை கொடுத்த பலகையைப் பிடுங்கினான். உள்ளே இருந்த ஷூக்களெல்லாம் ஒன்றின் மேல் ஒன்று சரிந்தன. காலைக் குறுக்கே படுக்கப் போட்டு, முழங்கையால் கதவை அழுத்தினான். மூன்று குற்றம் சேர்ந்தால் விசாரணை முடியும்வரை அலமாரியை முத்திரையிட வேண்டும் என்று மூன்றாம் பக்கத்தில் இருந்தது. கதவின் இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்து அகலமான சிவப்பு நாடா கட்டி, முடிச்சின் மேல் அரக்கு உருக்கி ஊற்றினார்கள்.

"நேர்ல வந்து விளக்கம் கொடுத்தா சீல எடுத்துடுவோம்," என்றார் மேற்பார்வையாளர்.

"சரி சார், நான் நாளைக்கே வரேன்."

"நீங்க வந்து? ஜோடிக்கு யாரு உரிமையாளரோ அவரு வரணும்."

"அவரு கால் உள்ள இருக்கே சார்."

"அதத்தான் சொல்றேன். வந்தா எடுத்துக்கலாம்."

அவர்கள் போனபின் அவள் நாலு வாளித் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவினாள். மாமனார் கட்டிலில் உட்கார்ந்து அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

கணவன் வந்து விஷயத்தைக் கேட்டதும் கத்தியை எடுத்துக்கொண்டு நாடாவை அறுக்கப் போனான். நாலாம் பக்கத்தைப் படித்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தான். முத்திரையை உடைத்தால் மூன்று நாளில் வீடு காலி. வேறு வீட்டுக்குப் போக வழியிருந்தால் இந்த வீட்டுக்கு வந்திருக்கவே மாட்டார்கள்.

இப்போது வீட்டில் மிஞ்சியது கணவன் காலிலிருந்த ஒரு பூட்ஸும் மகள் காலிலிருந்த பள்ளி ஷூவும்தான். அவள் பக்கத்து வீட்டுக்காரியின் செருப்பை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். அது இரண்டு விரல் பெரிது; பஸ் ஏறும்போது காலை விட்டுக் கழன்று கழன்று போயிற்று. அலமாரி மூடிக் கிடப்பதால் இந்த மூன்றையும் எங்கே ஒளிப்பது என்பது அடுத்த தலைவலி. வீட்டில் கதவு போட்டு மூடக்கூடியது ஃப்ரிட்ஜ் ஒன்றுதான். பிளாஸ்டிக் பையில் சுற்றிக் காய்கறித் தட்டில் வைத்தார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் கேரட் தின்னவில்லை.

மாமனாரின் நிலைமைதான் பார்க்கச் சகிக்கவில்லை. காலையும் மாலையும் பஸ் நிறுத்தத்து பெஞ்சு வரை நடந்து போய், பட்டறையில் உடன் வேலை பார்த்தவர்களோடு ஊர்க்கதை பேசிவிட்டு வருகிற மனிதர் அவர். இப்போது ஒரு முக்காலியைத் தள்ளித் தள்ளிக் கழிப்பறைக்குப் போனார். இரண்டு தடவை விழுந்தார். மகன் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றால் வேண்டாம் என்றார். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். ஏன் என்று அவளுக்குப் புரிந்தது, கேட்கவில்லை.

அவள் மனுவோடு மூன்று தடவை கழக அலுவலகத்துக்குப் போனாள். அது மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. முதல் தடவை மேற்பார்வையாளர் ஒழுங்கு பற்றிய பயிற்சிக்குப் போயிருந்தார். இரண்டாம் தடவை பயிற்சி கொடுக்கப் போயிருந்தார். மூன்றாம் தடவை இருந்தார்.

"அவரால படி ஏற முடியாது சார். கால் இல்லாம எப்படி வருவாரு?"

"கால் இல்லன்னு மனுவுல எழுதிக் கொடுங்க. ஆனா எங்க பதிவுல கால் இருக்கு. அலமாரில, ரெண்டாவது தட்டுல. இருக்கற ஒண்ண இல்லன்னு எழுதினா அது பொய்த் தகவல். அதுக்குத் தனி நடவடிக்கை." குரலைத் தாழ்த்திக்கொண்டு பரிவாகச் சொன்னார்: "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்மா."

படி இறங்கும்போது அவளுக்கு எதையாவது காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. துப்பக் கூடாது என்று ஒவ்வொரு திருப்பத்திலும் பலகை மாட்டியிருந்தார்கள்.

இருபத்தி நாலாம் நாள் ஒரு கடிதம் வந்தது. தண்டனைதான் என்று நினைத்து, பிரிக்காமல் கணவன் வரும்வரை வைத்திருந்தாள். பிரித்தால் பாராட்டு. குடியிருப்பின் இருநூற்றுப் பத்து வீடுகளில் மூன்று திடீர்ச் சோதனைகளின்போதும் வெளியில் ஒரு காலணிகூடத் தென்படாத, அலமாரியின் ஒழுங்கு சற்றும் கலையாத ஒரே வீடு இதுதானாம். முன்மாதிரி இல்லமாகத் தேர்வு. தலைவரே நேரில் வந்து சான்றிதழ் வழங்குவார்.

"சீல் வச்ச அலமாரி எப்பிடிங்க கலையும்?" என்றாள் அவள்.

"அத அவங்ககிட்ட சொல்லிராத," என்றான் கணவன்.

தலைவர் அடுத்த சனிக்கிழமை வந்தார். கூடவே மேற்பார்வையாளர், குமாஸ்தா, கழகச் செய்திமடலின் புகைப்படக்காரர், இன்னும் யார் யாரோ. எல்லாரும் சீருடையோடுதான் உள்ளே வந்தார்கள். மாமனார் சலவை வேட்டி கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலைவர் வந்ததும் எழுந்திருக்காததைக் கண்டு மேற்பார்வையாளர் புருவத்தை நெரித்தார்.

தலைவர் பேசினார்.

"ஒரு சமூகத்தோட தரத்த அதோட செருப்பு எங்க கெடக்குதுங்கறத வச்சு சொல்லிடலாம். என் வீட்ல நாப்பது ஜோடி இருக்கு. எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. அதுக்குன்னு ரெண்டு ஆளு வச்சிருக்கேன். அதுதான் ஒழுங்கு. இங்க ஆளே இல்லாம ஒரு குடும்பம் இதச் சாதிச்சிருக்குன்னா, ஏழைங்களுக்கு இடம் பத்தலைன்னு சொல்றது எவ்வளவு பெரிய பொய்யின்னு பாத்துக்கங்க."

எல்லாரும் கை தட்டினார்கள். தலைவர் திரும்பி அலமாரியைப் பார்த்தார். குறுக்கே சிவப்பு நாடா கட்டியிருந்தது. சிவப்பு நாடா கண்ணில் பட்டால் அவர் கை தானாகக் கத்தரிக்கோலுக்கு நீளும். முப்பது வருடப் பழக்கம். மேற்பார்வையாளர் "ஐயா, அது வந்து" என்று ஆரம்பித்தார். அதற்குள் யாரோ அவள் தையல் டப்பாவிலிருந்த கத்தரியை எடுத்துத் தலைவரின் கையில் கொடுத்துவிட்டார்கள். நாடா அறுந்தது. புகைப்படக்காரர் குனிந்து கோணம் பார்த்தார். தலைவர் இரண்டு கையாலும் கதவைத் திறந்தார். வாடை முதலில் வந்தது.

முப்பத்தொரு நாள் காற்றுப் படாமல் ஊறிய பூட்ஸின் வாடை அது. அதற்குள் எந்த ஓட்டை வழியாகவோ நுழைந்த எலி ஒன்று திரும்பிப் போக வழி தெரியாமல் செத்து, நாறி, நாற்றமும் வற்றி, மகளின் விளையாட்டு ஷூவுக்குள் கரைந்து கிடந்தது. முன்வரிசையில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பினார்கள். குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டு ஓடினான். பாதி தூரம்தான் போக முடிந்தது. ஷூக்கள் பூஞ்சை பூத்து ஒவ்வொன்றாகத் தலைவர் மேல் சரிந்தன. கடைசியாகக் கால் வந்தது. மார்பில் வந்து விழுந்ததைத் தலைவர் அனிச்சையாக இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"யா... யாரோட கால் இது?" என்றார்.

"என்னோடதுங்க," என்றார் மாமனார் உட்கார்ந்தபடியே. "இப்பிடிக் குடுங்க."

தலைவர் அதைக் கைமாற்றிவிட்டால் போதுமென்று இரண்டு எட்டு வைத்துக் கொடுத்தார். புகைப்படக்காரர் தன் தொழிலைச் செய்தார்.

பட்டையில் எலி கடித்திருந்தது. முழங்கால் உட்காரும் குழியில் பச்சைப் பூஞ்சை. அவள் மருந்துத் தண்ணீரில் மூன்று தடவை கழுவி வெயிலில் போட்டாள். கடித்த பட்டைக்குப் பதில் ஜீன்ஸ் துணியை நாலாக மடித்துத் தைத்தாள். வாடை முழுக்கப் போகவில்லை. அவர் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார். கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்துவிட்டு, பஸ் நிறுத்தத்துக்குப் போனார்.

ஆனால் அதோடு முடியவில்லை. அடுத்த வாரம் செய்திமடல் வந்தது. முதல் பக்கத்தில் தலைவர் செயற்கைக் காலை நீட்ட, மாமனார் கைநீட்டி வாங்கும் படம். நாற்றத்துக்குத் தலைவர் முகம் சுளித்தது உருக்கம் போலவே விழுந்திருந்தது. கீழே, "காலிழந்த முதியவருக்குத் தலைவர் செயற்கைக் கால் வழங்கினார். முதியவர் கண்கலங்கினார்."

"கண்ணு கலங்கினது எலியாலன்னு போடலையா?" என்றார் மாமனார்.

நாலு நாள் கழித்து ஒழுங்குப் பிரிவிலிருந்து ஒரு கடிதம். வழங்கப்பட்ட செயற்கைக் கால் கழகத்தின் சொத்து. இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்டது. அதன்மேல் வெள்ளைச் சாயத்தில் பதிவெண் எழுதப்பட வேண்டும். ஆண்டுதோறும் ஆய்வுக்குக் கொண்டுவர வேண்டும். பயனாளியின் காலத்துக்குப்பின் நல்ல நிலையில் ஒப்படைக்க வேண்டும்.

அவர் கடிதத்தை நிதானமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அம்மா, கூட வரியா? அந்த ஆபீஸுக்குப் போயிட்டு வந்துரலாம்."

"மூணு மாடி மாமா."

"இப்பத்தான் கால் இருக்கே."

நாற்பத்தெட்டுப் படி. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். வாசலில் இருந்த கடைநிலை ஊழியர், காலணியை வெளியே விடச் சொன்னார். "வலது கால் என்னோடது, விட்டுடறேன்," என்றார் மாமனார். "இடது கால் கழகத்தோட சொத்து. வாசல்ல விட்டுட்டுப் போனா நல்லாருக்குமா?" ஊழியர் யோசித்துவிட்டு வழி விட்டார்.

மேற்பார்வையாளர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முதல் கவளத்தை எடுத்திருந்தார். மாமனார் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, பட்டையைத் தளர்த்தி, காலைக் கழற்றி, டப்பாவுக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைத்தார். குழி மேற்பார்வையாளர் பக்கம் பார்த்து இருந்தது. மாடி ஏறிய வியர்வையில் பழைய வாடை மறுபடி உயிர் பெற்றிருந்தது.

"என்ன பெரியவரே இது? சாப்பிடற எடத்துல."

"உங்க சொத்துங்க. ஒப்படைக்க வந்தேன். இனிமே நீங்கதான் வச்சுப் பாத்துக்கணும். காலைல ஆறு மணிக்கு வீட்டுக்குக் கொண்டாந்து மாட்டி விடுங்க. மத்தியானம் ஒரு மணி நேரம் கழட்டணும், அப்ப வந்து கழட்டி உள்ள தொடச்சு வைங்க. சாயங்காலம் வந்து எடுத்துட்டுப் போயிடுங்க. தொடைக்கும்போது விரல நல்லா உள்ள விட்டுத் தொடைக்கணும், இல்லாட்டி பூஞ்சை வந்துரும்."

மேற்பார்வையாளர் கவளத்தைக் கீழே வைத்தார். சொத்து என்று பதிவானது பதிவானதுதான், மாற்ற முடியாது என்றார். மாமனார் சரி என்று தலையாட்டி, காலை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினார். மாற்றுவதற்கு ஒரே ஒரு வழி இருக்கிறது, ஆனால் அதற்கு மூன்று பேர் கொண்ட குழு கூட வேண்டும் என்றார். மாமனார், "கூடட்டுங்க, நான் இருக்கேன்," என்றார். அவள் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மனு அந்த அறையைத் தாண்ட ஒரு மாதம் ஆகியும் முடியவில்லை. இப்போது மூன்று அதிகாரிகள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். மேஜைக்கு ஒரு கஜ தூரத்திலேயே நின்று, காகிதத்தைக் கை நீட்டி வாங்கிக் கையெழுத்துப் போட்டார்கள். எல்லாம் சேர்ந்து நாலு நிமிஷம் ஆயிற்று. ஒருவர் தேதி போட மறந்து திரும்பி வந்து போட்டார்.

மாமனார் காகிதத்தை வாங்கி, எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்தார். பிறகு காலை எடுத்து மாட்டிக்கொண்டு, பட்டையை இறுக்கி, மேஜையைப் பிடிக்காமல் எழுந்தார்.

படி இறங்கும்போது அவள் கேட்டாள், "என்ன மாமா எழுதிக் கொடுத்திருக்காங்க?"

"எதுக்கும் லாயக்கில்லாத கழிவுன்னு எழுதி, முத்திரை குத்திக் கொடுத்துட்டாங்கம்மா," என்றார் அவர். "இனிமே இது என் காலு."